மழலையர் தமிழ் நாள்: மேடை வேண்டாம், மடி போதும்!

வரும் தைத் திங்களில் தாராவி அங்கன்வாடிக் குழந்தைகளுக்குத் தமிழ் மரபு நாள் ஒன்று நடத்த வேண்டும் என்று நம் சங்கத் தோழர்களிடையே பேச்சு எழுந்திருக்கிறது. வரவேற்கிறோம். ஆனால் அதை எப்படி நடத்துவது என்பதில் நமக்கு ஒரு தெளிவு வேண்டும்.

இதுவரை நாம் நடத்திய குழந்தைகள் விழாக்களைச் சற்றே எண்ணிப் பாருங்கள். அழைப்பிதழில் மாலை 6 மணி என்று இருக்கும். தலைவர் வந்து சேர 8 மணி ஆகும். பொன்னாடை, வரவேற்புரை, முன்னிலை உரை, சிறப்புரை! இதற்கிடையே, வாடகைக்கு எடுத்த சரிகை உடையும் முகம் நிறையச் சாயமுமாக நான்கு வயதுக் குழந்தை மேடை ஓரத்தில் தூங்கி விழும். வீட்டு வேலைக்குப் போகும் அதன் தாய் அந்த உடைக்காகத் தன் கூலியில் ஒரு பங்கை இழந்திருப்பாள். அதுவும் முடியாத தாயின் பிள்ளை கீழே நின்று வேடிக்கை பார்க்கும். இது பெரியவர்களின் விழா. பிள்ளைகள் அதற்குக் கட்டிய தோரணம்.

நம் பிள்ளைகளின் உண்மை நிலை என்ன? மூன்று வயதுவரை வீட்டில் தமிழ் கேட்ட பிள்ளை, அங்கன்வாடியில் கால் வைத்ததும் மராத்தியும் இந்தியும் கேட்கிறது. அதில் குற்றமில்லை. இந்த மண்ணின் மொழியை நம் பிள்ளை நன்றாகவே கற்கட்டும். ஆனால் சில மாதங்கள் போனபின், அழைத்துப்போக வந்த தாய் வாசலில் தமிழில் பேசினால், "மெல்லப் பேசும்மா" என்று பிள்ளை முந்தானையை இழுக்கிறது. தாய்மார்களே, இந்தக் காட்சி உங்களுக்குப் புதிதா?

இந்த வெட்கத்தைப் பிள்ளைக்கு ஊட்டியதில் நமக்கும் பங்குண்டு. 1966-க்குப் பின் இந்நகரில் தென்னிந்தியருக்கு எதிராகப் புயல் கிளம்பியது. உணவு விடுதிகள் தாக்கப்பட்டன. அந்நாளில், தெருவில் தமிழ் பேசாதே என்று பிள்ளைகளை அடக்கிய வீடுகள் பல. அச்சம் தணிந்து ஆண்டுகள் பல ஆகியும், அடக்கும் பழக்கம் நம்மை விட்டுப் போகவில்லை.

ஆகவே, அந்த வெட்கத்தைப் போக்குவதே இந்த நாளின் நோக்கமாக இருக்க வேண்டும். அதற்கு மேடை தேவையில்லை. ஒரு ஞாயிறு காலை, இரண்டு மணி நேரம், ஒரு பாய், நாலைந்து பாட்டிமார் போதும். இந்த வயதுப் பிள்ளை கால்மணி நேரத்துக்கு மேல் ஓரிடத்தில் உட்காராது. காக்கையும் வடையும் கதையை ஒரு பாட்டி சொல்லட்டும். பனையோலைக் காற்றாடி செய்து ஒரு தாத்தா கையில் கொடுக்கட்டும். தட்டில் பரப்பிய அரிசியில் விரலால் 'அ' எழுதட்டும். கொழுக்கட்டை பிடிக்கும் மாவில் ஆளுக்கொரு உருண்டை கிடைக்கட்டும். புளியங்கொட்டையும் சோழியும் மட்டும் வேண்டாம். சின்னஞ்சிறுசுகள் வாயில் போட்டுவிடும்.

இன்னொன்று. இந்த நாளுக்கு மராத்தியப் பிள்ளைகளையும் அங்கன்வாடிச் சேவிகாவையும் அழைக்க வேண்டும். நமக்குப் பொங்கல் வரும் வேளையில்தான் அவர்களுக்குச் சங்கராந்தி. எள்ளும் வெல்லமும் கலந்த உருண்டையைக் கொடுத்து, இனிமையாகப் பேசு என்று சொல்வது அவர்கள் வழக்கம். அவர்கள் பாட்டியை 'ஆஜி' என்கிறார்கள். நம் நெல்லைச் சீமையில் 'ஆச்சி' என்கிறோம். இரண்டு ஆச்சிகளும் ஒரே பாயில் உட்காரட்டும். தன் பாட்டி பேசும் தமிழைப் பிறர் ஆசையோடு கேட்பதைப் பார்க்கும் பிள்ளை, மறுநாள் தாயின் முந்தானையை இழுக்காது.

மரபு என்ற பெயரில் சாதி உடை, சாதிப் பெருமை எதுவும் உள்ளே நுழையக் கூடாது. நம் முன்னோர் பலர் இங்கே வந்தது தோல் பதனிடும் தொழிலுக்கு. அந்த உழைப்பும் நம் மரபுதான். தாத்தா என்ன வேலை செய்தார் என்று பிள்ளை தலைநிமிர்ந்து சொல்ல வேண்டும்.

விழா முடிந்து கலைந்துவிட்டால் பயனில்லை. அரசியல் சட்டத்தின் 29-ஆவது பிரிவு நம் மொழியையும் பண்பாட்டையும் காத்துக்கொள்ளும் உரிமையை நமக்குத் தருகிறது. 1956-இல் சேர்க்கப்பட்ட 350-அ பிரிவு, மொழிச் சிறுபான்மைப் பிள்ளைகளுக்குத் தொடக்கக் கல்வியைத் தாய்மொழியில் தர மாநில அரசும் உள்ளாட்சியும் முயல வேண்டும் என்கிறது. மும்பை மாநகராட்சி தமிழ்வழிப் பள்ளிகளையும் நடத்துகிறது. ஆனால் முதல் வகுப்பில் பிள்ளை இல்லையென்றால் வகுப்பு எப்படி நிலைக்கும்? ஆளில்லாத வகுப்பை மூடாதே என்று கொடி பிடித்து என்ன பயன்?

எனவே அன்றே, அந்தப் பாயிலேயே, பெற்றோரிடம் பேசுவோம். ஆறு வயதாகும் பிள்ளைகளின் பட்டியல் எடுப்போம். தமிழ்வழியில் சேர்ப்போருக்குத் துணை நிற்போம். வேறு வழியில் சேர்ப்போரைப் பழிக்க வேண்டாம். அவர்கள் கவலை பிள்ளையின் பிழைப்பைப் பற்றியது. அவர்களின் பிள்ளைகளுக்கு வாரம் ஒருநாள் தமிழ் சொல்லித்தர நம்மில் இருவர் முன்வந்தால் போதும்.

தோழர்களே, பொன்னாடைக்கு ஒதுக்கும் பணத்தில் அரிசியும் வெல்லமும் வாங்குங்கள். தலைவரை அழைப்பதற்கு முன் பாட்டியை அழையுங்கள்!