பதினோரு பேரும் பதினோரு இடமும்

சென்ற மாதம் சங்கக் கூட்டம் முடிந்து படியிறங்குகையில் அன்பர் ஒருவர் நம்மைத் தடுத்து நிறுத்தினார். "என் பையன் எந்நேரமும் கணினியில் கால்பந்து ஆடுகிறேன் என்கிறான். எட்டிப் பார்த்தால் பந்தையே காணோம். பெயர்ப் பட்டியலும் எண்களுந்தான் தெரிகின்றன. இதில் என்ன இருக்கிறதென்று உங்கள் பத்தியில் எழுதக் கூடாதா?" என்று கேட்டார். அவருக்கு அங்கேயே விடை சொல்லாமல் நழுவி வந்தோம். அதே வியாதி நம் வீட்டிலும் குடியேறியிருந்ததுதான் காரணம். இப்போது ஒருவாறு விளங்கிவிட்டபடியால் எழுதத் துணிகிறோம்.

இவ்வகை விளையாட்டில் பிள்ளைகள் பந்தை உதைப்பதில்லை, குழுவை நிர்வகிக்கிறார்கள். ஆட்டக்காரரை வாங்குவது, விற்பது, பயிற்சி அளிப்பது, யாரை எங்கே நிறுத்துவதென்று தீர்மானிப்பது, பிறகு ஆட்டத்தைக் கைகட்டிப் பார்ப்பது ஆகியவையே அவர்கள் வேலை. இங்கிலாந்தில் பால் காலியர், ஆலிவர் காலியர் என்ற சகோதரர் இருவர் ஆக்கி 1992-இல் வெளிவந்த 'சாம்பியன்ஷிப் மேனேஜர்' இவ்வகையில் பெயர் பெற்ற ஒன்று. பதிப்பாளரோடு ஏற்பட்ட பிரிவினையால் பழைய பெயரை விட்டுவிட்டு, 2004 முதல் 'புட்பால் மேனேஜர்' என்ற பெயரில் அவர்கள் தொடங்கிய நிறுவனம் அதைத் தொடர்ந்து வருகிறது. ஒவ்வோர் ஆட்டக்காரனுக்கும் ஓட்டம், பந்தைக் கடத்துதல், தலையால் முட்டுதல், துணிவு, நிதானம் என்று பல குணங்களுக்கு 1 முதல் 20 வரை மதிப்பெண் உண்டு. பள்ளி முன்னேற்ற அறிக்கையைக் கண்டால் ஓடி ஒளியும் பிள்ளைகள், இந்த அறிக்கைகளை மனப்பாடம் செய்வது காணக் கிடைக்காத காட்சி!

நம் மூத்த மகனுக்கு வயது பன்னிரண்டு. இடக்கால் பழக்கமுள்ளவன். கல்கத்தாவில் பிறந்த பிள்ளை ஆதலால் தாய்ப்பாலோடு கால்பந்தும் சேர்ந்தே புகட்டப்பட்டிருக்கிறது. பேட்டைக் குழுவில் இவ்வாண்டு அவனைச் சேர்த்துக் கொண்ட பயிற்சியாளர், இடப்புறத் தடுப்பாட்டக்காரனாக நிறுத்தினார். இவனோ கோல் போடுவதற்கென்றே பிறந்தவன் என்று தன்னைப் பற்றி எண்ணியிருந்தவன். மூன்றாம் நாள் அழுத முகத்தோடு வந்து காலணியைக் கட்டிலுக்கடியில் எறிந்தான். "பின்னால நிக்க நான் போகல. யாருக்குமே என்னைத் தெரியாது" என்றான். இல்லாள் சமாதானம் சொன்னாள், நாம் அதட்டினோம். இரண்டாலும் பயன் விளையவில்லை. அன்று முதல் மாலை வேளைகளில் மைதானத்துக்குப் போகாமல், படிப்புக்கென்று பழைய விலையில் வாங்கிக் கொடுத்த மடிக்கணினியின் முன் அமர்ந்து, இங்கிலாந்தின் கீழ்த்தட்டுக் குழு ஒன்றுக்குத் தலைவனாகிவிட்டான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பிற்பகல். இரவுப் பணி முடித்து உறங்கி எழுந்த நாம் அவனருகில் சென்று அமர்ந்தோம். முகம் வாடியிருந்தது. "அஞ்சு ஆட்டம் தொடர்ந்து தோத்துட்டேன்பா. இருக்கறதுலயே நல்லா கோல் போடறவங்களத்தான் வாங்கினேன்" என்றான். திரையில் பச்சைக் களத்தின் மேல் பதினொரு வட்டங்கள் இருந்தன. ஐந்து வட்டங்கள் எதிரியின் கோலருகே நெருக்கியடித்துக் கொண்டு நின்றன. நடுவே ஒருவன் மட்டும் திருவிழாவில் தொலைந்த பிள்ளைபோல் நின்றான். நமக்குக் கால்பந்தில் பாண்டித்தியம் இல்லை. ஆயினும் பதினைந்து ஆண்டுகளாக ரயில்வேயில் பணிமுறைப் பட்டியலோடு மல்லுக்கட்டி வருபவர் ஆகையால், இந்தப் பட்டியலில் கோளாறு இருக்கிறது என்பது மட்டும் பார்த்தவுடனே தெரிந்துவிட்டது.

ஐவரை முன்னே நிறுத்துவதே பிழை என்று சொல்வதற்கில்லை. 1911-இல் இதே கல்கத்தாவில் ஈஸ்ட் யார்க்ஷயர் படையணியை 2-1 என்று வென்று கேடயம் கொண்ட மோஹன் பாகன் குழு அவ்வாறுதான் நின்றது: பின்னே இருவர், நடுவே மூவர், முன்னே ஐவர். அக்காலத்தில் உலகம் முழுவதும் இதுவே வழக்கம். ஆனால் அந்த ஐவருக்கும் தனித்தனி இடம் இருந்தது. இருவர் களத்தின் இரு ஓரங்களில் ஓடுவர். ஒருவர் நடுவில் நிற்பர். எஞ்சிய இருவர் சற்றுப் பின்வாங்கிப் பந்தை வாங்கி முன்னே தருவர். அதாவது ஐவர் ஐந்து வேலை செய்தனர். நம் பையனின் ஐவரோ ஒரே வேலையைச் செய்யக் காத்துக்கொண்டிருந்தனர்.

பின்னர் அந்த அமைப்பும் நிலைக்கவில்லை. 1925-இல் 'ஆப்சைடு' விதி மாறியது. அதற்குமுன், பந்து தன்னை நோக்கி அடிக்கப்படும் வேளையில் முன்னேறி நிற்பவனுக்கும் கோல் எல்லைக்கும் இடையே எதிரிகள் மூவர் இருந்தாக வேண்டும். பின்பு இருவர் போதும் என்றாயிற்று. முன்னே நிற்பவர்களுக்கு வாசல் திறந்துவிட்டது. பின்னே நிற்பவர்களுக்குத் தொல்லை மிகுந்தது. உடனே, லண்டனின் ஆர்சனல் குழுவை நடத்திய ஹெர்பர்ட் சாப்மன், நடுவரிசையில் நின்ற ஒருவரைப் பின்னுக்கு இழுத்து மூன்றாவது காவலராக்கினார். முன்னே நின்ற இருவரையும் சற்றுக் கீழே இறக்கினார். ஓரிடத்தில் கூட்டினால் மற்றோரிடத்தில் குறையும் என்ற கணக்கை அவர் மறக்கவில்லை.

இடம் என்பது சட்டையின் எண்ணில் இல்லை என்பதை 1953-இல் ஹங்கேரி காட்டிற்று. லண்டன் வெம்பிளி மைதானத்தில் இங்கிலாந்தை 6-3 என்று அவர்கள் தோற்கடித்தபோது, 9-ஆம் எண் சட்டை அணிந்த ஹிடேக்குட்டி முன்னே நிற்காமல் பின்வாங்கி நின்றார். அவரைக் காவல் காக்க வேண்டியவர், பின்தொடர்வதா, நின்ற இடத்திலேயே நிற்பதா என்று திகைத்தார். தொடர்ந்தால் பின்னே ஓட்டை. தொடராவிட்டால் ஹிடேக்குட்டிக்குச் சுதந்திரம். அன்று ஹிடேக்குட்டி மட்டும் மூன்று கோல்கள் போட்டார்.

இனி, பிள்ளைகள் வாயில் புழங்கும் எண்களைப் பெற்றோர் படிக்கும் முறையைச் சொல்லிவிடுவோம். 4-4-2 என்றால் பின்னிருந்து முன்னாக எண்ண வேண்டும்: தடுப்பவர் நால்வர், நடுக்களத்தார் நால்வர், தாக்குவோர் இருவர். கோல்கீப்பர் கணக்கில் சேரார். ஆகவே கூட்டுத்தொகை எப்போதும் பத்து. 4-3-3 என்பதும் 4-2-3-1 என்பதும் அவ்வாறே. எந்த எண் சிறந்தது என்று கேட்பது, ரயிலில் எந்தப் பெட்டி சிறந்தது என்று கேட்பதை ஒக்கும். எஞ்சின் இல்லாமல் பெட்டிகள் மட்டும் இருந்தால் எந்தப் பெட்டியும் ஊர்போய்ச் சேராது.

சமநிலை என்பது எண்ணைவிட இணையில் இருக்கிறது. நடுக்களத்தில் இருவர் நின்றால் ஒருவர் முன்னேறும்போது மற்றவர் தங்கியிருக்க வேண்டும். ஓரத் தடுப்பாட்டக்காரர் பந்தோடு மேலே ஓடினால், அந்தப் பக்கத்து நடுக்களத்தார் அவர் விட்டுச் சென்ற இடத்தைக் கண்ணில் வைத்திருக்க வேண்டும். முன்னே இருவர் இருந்தால் ஒருவர் பந்தைத் தாங்கி நிற்க, மற்றவர் அவரைக் கடந்து ஓட வேண்டும். இருவருமே ஓடினால் பந்தை யார் தருவது? இருவருமே நின்றால் யார் வாங்குவது? பையன் வைத்திருந்தது இவ்விளையாட்டின் 2024-ஆம் ஆண்டுப் பதிப்பு. அதில் ஒவ்வொருவனுக்கும் தற்காப்பு, துணை, தாக்குதல் போன்றவற்றுள் ஒரு கடமையைக் குறிக்க வேண்டும். நம் பையன் கோல்கீப்பரைத் தவிர ஏறத்தாழ அனைவருக்கும் தாக்குதலையே எழுதி வைத்திருந்தான்!

மற்றொரு செய்தியும் உண்டு. ஒருவனுக்குப் பழகிய இடத்தில் அவனை நிறுத்தினால் அவன் வட்டம் பச்சையாகத் தெரியும். பழகாத இடமென்றால் நிறம் மாறும். எவ்வளவு மதிப்பெண் பெற்றவனாயினும் அங்கே அவன் ஆட்டம் சோபிக்காது. பயிற்சி அளித்துப் புதிய இடத்தைப் பழக்கலாம்; அதற்கு மாதக்கணக்கில் பொறுமை வேண்டும்.

இதற்கு நம் நாட்டுச் சரித்திரத்திலேயே சான்று இருக்கிறது. 1962-இல் ஜகார்த்தாவில் நடந்த ஆசிய விளையாட்டுப் போட்டியில் தடுப்பாட்டத்தின் தூணான ஜர்னைல் சிங் தலையில் காயமுற்றுத் தையல் போட்டிருந்தார். பயிற்சியாளர் ரஹீம் அவரை முன்கள நடுவில் நிறுத்தினார். அரையிறுதியிலும் கோல் போட்டார், இறுதியாட்டத்திலும் போட்டார். தென்கொரியாவை 2-1 என்று வென்று இந்தியா தங்கம் பெற்றது. அதே குழுவில் இருந்த கோல்கீப்பர் பீட்டர் தங்கராஜ், மதராஸ் ரெஜிமெண்டில் முதலில் முன்கள நடுவில் ஆடியவர். பின்னரே கோலுக்குக் காவலானார். கல்கத்தாவின் மூன்று பெருங்குழுக்களுக்கும் ஆடியவர் அவர். முன்னே நின்றவர் பின்னே வந்ததால் சிறுமைப்பட்டாரா? பையனுக்கு இதைச் சொன்னோம். அவன் ஒன்றும் பேசவில்லை. ஆனால் தங்கராஜ் பெயரை மட்டும் மறுமுறை சொல்லச் சொன்னான்.

நம் அனுபவம் ஒன்றையும் சொன்னோம். சில ஆண்டுகளுக்குமுன் நாம் பணிபுரிந்த ஒரு நிலையத்தில், பூஜைக் கூட்டத்தைச் சமாளிக்க இருந்த குமாஸ்தாக்கள் அனைவரையும் பயணச்சீட்டுச் சாளரங்களில் அமர்த்தினார்கள். பார்சல் பகுதியிலும் விசாரணையிலும் ஆளில்லை. பார்சல் கொண்டு வந்தவர்களும் விசாரிக்க வந்தவர்களும் பயணச்சீட்டு வரிசையிலேயே புகுந்தனர். அரைமணி நேரத்தில் ஒரு வரிசையும் நகரவில்லை. பிறகு இருவரை எழுப்பி அந்த இரண்டிடங்களுக்கும் அனுப்பியபின், குறைந்த சாளரங்களோடு வேலை விரைவாக நடந்தது. பையன் சிரித்துவிட்டான். "உங்க ஆபீஸ்லயும் அஞ்சு பேர் முன்னாடியே நின்னாங்களா?" என்றான்.

அன்று மாலை அவன் அமைப்பைக் கலைத்து 4-4-2 ஆக்கினான். விலை மிகுந்த முன்கள வீரர் மூவரை விற்று, பெயர் தெரியாத இடக்கால் தடுப்பாட்டக்காரன் ஒருவனையும், நடுக்களத்தில் பந்தைப் பறிப்பவன் ஒருவனையும் வாங்கினான். அற்புதம் ஒன்றும் நிகழவில்லை. முதலாட்டம் கோலின்றி முடிந்தது, இரண்டாவதில் ஒரு கோலால் வென்றான், மூன்றாவதில் தோற்றான். ஆனால் தோற்றது ஏன் என்று இம்முறை அவனே சொன்னான்.

அடுத்த வாரம் கட்டிலுக்கடியிலிருந்து காலணி வெளியே வந்தது. நாம் ஒன்றும் கேட்கவில்லை. ஞாயிறன்று மைதானத்துக்குச் சென்று ஓரமாக நின்று பார்த்தோம். பேட்டைக் குழு 1-2 என்று தோற்றது. கோல் போட்ட பையனைத் தோளில் தட்டினர். நம் பிள்ளையை யாரும் தட்டவில்லை. திரும்பி வருகையில் சேறு படிந்த காலோடு நடந்தவன், "ரெண்டு கோலும் என் பக்கமா வரலப்பா, பாத்தீங்களா?" என்றான். பார்த்தோம் என்றோம். உண்மையில் அதுவரை நாமும் பந்து போன பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

அந்தச் சொல் அன்றிரவு நம்மை உறங்கவிடவில்லை. ஊரை விட்டு வந்த குடும்பங்கள் நாம். ஒருவர் வெளியே வந்து சம்பாதிக்கிறார் என்றால், மற்றொருவர் ஊரில் நிற்கிறார் என்று பொருள். மாயவரத்துக்கு அருகே நம் தம்பி நிற்கிறான். சென்ற ஆண்டு அன்னையாருக்குக் கண் அறுவை நடந்தபோது மருத்துவமனைக்கு அழைத்துப் போனவனும், பதினைந்து நாள் வேளை தவறாமல் சொட்டு மருந்து விட்டவனும் அவனே. நாம் பணம் அனுப்பினோம். உறவினர் அனைவரும், "மூத்த பிள்ளை அங்கிருந்தே எல்லாம் செய்துவிட்டான்" என்று நம்மைப் புகழ்ந்தார்கள். நாமும் மறுக்காமல் கேட்டுக்கொண்டோம். நாம் முன்னே ஓட முடிந்தது, விட்டு வந்த இடத்தில் ஒருவன் நின்றதால் என்பதைப் பன்னிரண்டு வயதுப் பிள்ளை சொல்லித்தான் உணர வேண்டியிருந்தது.

மறுநாள் தம்பியிடம் தொலைபேசியில் பேசினோம். வழக்கமாக அன்னையாரை அழைக்கச் சொல்லும் நாம், அன்று அவனோடே பேசினோம். வரும் கோடை விடுமுறையில் நாம் ஒரு மாதம் அங்கே இருப்பதாகவும், அவன் குடும்பத்தோடு எங்கேனும் போய் வரட்டும் என்றும் சொன்னோம். சற்று நேரம் பேச்சில்லை. பிறகு, "அம்மாவுக்கு ராத்திரி ரெண்டு தரம் எழுந்திருக்கணும்ணே, உங்களுக்குப் பழக்கமில்ல" என்றான். பழகிக்கொள்கிறோம் என்றோம்.

கேட்ட அன்பருக்கு நம் விடை இது. விளையாட்டுக்கு நேரம் வகுத்துவிடுங்கள். அதில் தயவு தாட்சணியம் வேண்டாம். ஆனால் வாரத்தில் ஒருநாள் பையனருகில் அமர்ந்து இரண்டே கேள்விகள் கேளுங்கள்: "இவன் மேலே போனால் இவன் இடத்தில் யார் நிற்பார்? இவனுக்குக் காயம் பட்டால் மாற்றாள் யார்?" விடை சொல்லத் தெரிந்த பிள்ளை கெட்டுப்போக மாட்டான். அக்கேள்விகளை வீட்டையும் ஊரையும் குறித்து நம்மையே கேட்டுக்கொள்வதும் நலம்.