கிரவுன் ஆயிலும் கலைச்சொல் வாணர்களும்

சென்ற மாதம் வேறோர் ஊரில் நடந்த கருத்தரங்கில் ஒரு கட்டுரை வாசித்தேன். குப்பத்தைச் சுற்றியுள்ள மோட்டார்ப் பட்டறைகளில் வழங்கும் சொற்களைப் பற்றியது அது. பிக்கப் வண்டியின் பின் அச்சிலுள்ள பல்சக்கரக் கூட்டுக்கு எண்ணெய் மாற்றும் ஒரேயொரு வேலையை எடுத்துக்கொண்டு, அவ்வேலை தொடங்கி முடியும்வரை புழங்கும் சொற்களைத் தொகுத்திருந்தேன். அந்த எண்ணெய்க்குப் பட்டறையில் 'கிரவுன் ஆயில்' என்று பெயர்.

வாசித்து முடித்ததும் இரண்டு கணைகள் வந்தன. மூத்த பேராசிரியர் ஒருவர், "கிரவுன் ஆயில் என்பது கொச்சை. 'வகையீட்டுப் பல்லிணை எண்ணெய்' என்று திருத்தி எழுதுங்கள்" என்றார். அவருக்கு அருகிலிருந்த இன்னொருவர், "எல்லாமே ஆங்கிலச் சொற்கள். இதில் மொழியியல் எங்கே இருக்கிறது?" என்றார். முதலாமவர் தூய்மைவாதி. இரண்டாமவர் தம்மை அறிவியலாளர் என்று கருதிக்கொள்பவர். எதிரெதிர் முகாம்களில் இருந்தாலும், பட்டறையில் நிற்பவனுக்குச் சொந்த மொழி என்று ஒன்றில்லை என்பதில் இருவரும் ஒன்றுபட்டார்கள். அங்கே ஐந்து நிமிடத்தில் சொல்ல முடியாமற்போன மறுமொழியை இங்கே எழுதுகிறேன். நீளமாக இருக்கும், பொறுத்தருள்க.

முதலில் பொருளை அறிவோம். வண்டி வளைவில் திரும்பும்போது வெளிப்புறச் சக்கரம் உட்புறச் சக்கரத்தைவிட அதிகத் தொலைவு ஓடவேண்டும். இரண்டும் ஒரே வேகத்தில் சுழன்றால் டயர் தேயும், அச்சு முறுகும். எஞ்சினின் விசையை இரு சக்கரங்களுக்கும் பகிர்ந்து, அவை வெவ்வேறு வேகத்தில் சுழல இடங்கொடுக்கும் அமைப்பே டிஃபரன்ஷியல். 1827இல் இதற்குக் காப்புரிமை பெற்ற ஒனேசிஃபோர் பெக்கர், பிரான்சு நாட்டுக் கடிகாரத் தொழிலாளி. இந்த அமைப்பும் ஒரு பட்டறைக் கையில் பிறந்ததுதான் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

இப்போது 'வகையீடு' என்னும் சொல்லைப் பாருங்கள். நம் பள்ளிக் கணிதத்தில் அது நுண்கணிதச் செயல் ஒன்றின் பெயர். ஒரு சார்பின் மாறுவீதத்தைக் காண்பது வகையீடு. பின் அச்சிலுள்ள பல்சக்கரம் எதையும் வகையிடுவதில்லை; இரு சக்கரங்களின் வேக வேறுபாட்டுக்கு இடந்தருகிறது. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே சொல் அமைந்தது அம்மொழியின் வரலாறு. அந்தத் தற்செயலை அப்படியே தமிழுக்குள் இறக்கி, கணிதத்தின் சொல்லை அச்சின்மேல் ஏற்றிவிட்டு, அதற்குத் தூய்மை என்று பெயரிடுகிறோம். எழுத்து தமிழாக இருக்கிறது. சிந்தனை முழுவதும் ஆங்கில அகராதியின் வரிசையில் ஓடுகிறது. இதைவிடப் பெரிய கடன் வேறென்ன?

'கிரவுன்' அப்படி வந்த சொல்லன்று. பின் அச்சின் வயிற்றுக்குள் கிரீடம்போல் பல்வைத்த பெரிய வளையச் சக்கரம் ஒன்று உண்டு. அதன் பெயர் கிரவுன் வீல். அதைச் சுழற்றும் சிறிய சக்கரம் பினியன். பட்டறை, கண்ணுக்குப் பெரிதாகத் தெரிகின்ற, உடைந்தால் பெருஞ்செலவு வைக்கின்ற அந்த ஓர் உறுப்பின் பெயரை முழு அமைப்புக்கும் ஆக்கியது. உறுப்பின் பெயர் முழுமைக்கு ஆவதை நம் இலக்கணம் சினையாகுபெயர் என்கிறது. வகுப்பில் இதற்கு மதிப்பெண் கொடுக்கிறோம்; பட்டறையில் நிகழ்ந்தால் கொச்சை என்கிறோம். எனக்கும் இதில் பங்குண்டு. என் முதல் களக்குறிப்பேட்டில் 'கிரவுன்' என்று எழுதி, அதன் எதிரே 'பிழை வழக்கு' என்று குறித்திருந்தேன். அந்தப் பக்கத்தைக் கிழிக்காமல் வைத்திருக்கிறேன்.

இரண்டாமவரின் கேள்விக்கு வருகிறேன். இதில் மொழியியல் எங்கே?

குப்பம் மூன்று மாநிலங்கள் கூடும் மூலை. ஒருபுறம் கிருட்டிணகிரியும் வாணியம்பாடியும். மறுபுறம் கோலார் தங்கவயல். 1997இல் திராவிடப் பல்கலைக்கழகத்தை இங்கே நிறுவியதற்கு இந்தப் புவியியலும் ஒரு பொருள் தருகிறது. நான் குறிப்பெடுத்த பட்டறையில் மூத்த மெக்கானிக் அண்ணன் என்னிடம் தமிழிலும், கையாள் பையனிடம் தெலுங்கிலும், தங்கவயலிலிருந்து வரும் ஓட்டுநரிடம் கன்னடத்திலும் பேசுகிறார். 'கிரவுனுக்கு' என்கிறார், 'கிரவுன்கி' என்கிறார், 'கிரவுன்கெ' என்கிறார். பெயர்ச்சொல் ஒன்றே. அதில் ஒட்டும் நான்காம் வேற்றுமை உருபுகள் மூன்று. அம்மூன்றும் ஒரே தொல்திராவிட உருபின் வழிவந்தவை. 'லூஸ் பண்ணு', 'லூஸ் செய்யி', 'லூஸ் மாடு' என்று வினைகளும் அவ்வாறே. கடன்பெற்ற வேருக்கு அந்தந்த மொழியின் துணைவினை துணை நிற்கிறது.

மொழித்தொடர்பியல் பயிலும் அனைவரும் குப்வார் என்னும் மராட்டியச் சிற்றூரைப் பற்றிப் படித்திருப்போம். 1971இல் கம்பர்சும் வில்சனும் எழுதிய கட்டுரை அது. மராத்தியும் கன்னடமும் உருதுவும் அங்கே இலக்கண அமைப்பில் ஒன்றையொன்று நெருங்கிவிட்டன. சொற்கள் மட்டும் தனித்தனியே நின்றன. நம் பட்டறையிலோ சொற்கள் ஒன்றாகிவிட்டன. உருபுகள் தனித்தனியே நிற்கின்றன. குப்வாரின் தலைகீழ் வடிவம் குப்பத்தின் சாலையோரத் தகரக் கொட்டகையில் நாள்தோறும் நிகழ்கிறது. மேற்கோளுக்குக் குப்வாரைத் தேடுகிறவர்கள் தேநீர் குடிக்கப் போகும் வழியில் அதைக் கடந்து செல்கிறார்கள்.

ஆங்கிலச் சொல் என்பதாலேயே ஆய்வுக்கு உரியதன்று என்பவர்கள் 'அச்சு' என்ற சொல்லை எண்ணிப்பார்க்க வேண்டும். தமிழ்ப் பேரகராதி அதை வடமொழி 'அக்ஷ' என்பதிலிருந்து வந்ததாகக் காட்டும், மறுப்போரும் உளர். எவ்வாறாயினும், வண்டியின் குடம், ஆரக்கால், வட்டை, கடையாணி ஆகியவற்றோடு அச்சையும் நமக்குத் தந்தவர் தச்சர். வள்ளுவர் அச்சாணியை உவமையாக்கும் முன்பே தச்சர் அதைச் செதுக்கி முடித்திருந்தார். அன்று எந்தச் சொல்லாக்கக் குழுவும் அவரிடம் சான்றிதழ் கேட்கவில்லை.

இதுவரை சொன்னவற்றைக் கேட்டு, நான் பட்டறை மொழியைப் போற்றிப் பாடுகிறேன் என்று எண்ணிவிட வேண்டாம். அம்மொழியில் ஓட்டை உண்டு. அந்த ஓட்டைக்கு என் குடும்பம் விலை கொடுத்தது.

என் தாய்மாமன் வேப்பனப்பள்ளிப் பக்கத்தவர். சொந்தப் பிக்கப்பில் தக்காளி ஏற்றுகிறார். மொகிலி மலைப்பாதையில் முழுச் சுமையோடு ஏறி இறங்கும் வண்டிக்குக் கிரவுன்தான் உயிர்நிலை. சென்ற ஆண்டு எண்ணெய் மாற்றும் நேரம் வந்தபோது கடையில் "தொண்ணூறு ஆயில்" கேட்டார், கொடுத்தார்கள், ஊற்றினார்கள். சில மாதங்களில் பின்பக்கம் ஊளையிடத் தொடங்கியது. அண்ணன் திறந்து பார்த்து, "பல்லு தின்னுடுச்சு தம்பி. பாக்ஸுக்குப் போடுற ஆயில கிரவுனுக்கு ஊத்திருக்காங்க" என்றார்.

நடந்தது இது. எண்ணெய்க் கலத்தின்மேல் இரண்டு செய்திகள் உண்டு. ஒன்று தடிமன்: 80டபிள்யூ-90 போன்ற எண். மற்றொன்று தரவகை: ஜி.எல். 4, ஜி.எல். 5 என்று அமெரிக்கப் பெட்ரோலியக் கழகம் வகுத்தது. இக்கால வண்டிகளின் கிரவுனும் பினியனும் பெரும்பாலும் ஹைப்பாய்டு அமைப்புடையவை. பினியனின் மையக்கோடு கிரவுனின் மையத்துக்குக் கீழே விலகி நிற்கும். ஆகவே பற்கள் உருள்வதோடு ஒன்றன்மேலொன்று வழுக்கவும் செய்யும். அந்த அழுத்தத்தில் எண்ணெய்ப் படலம் கிழிந்துவிடும். கந்தகமும் பாஸ்பரசும் கொண்ட சேர்மங்கள் உலோகத்தின்மேல் காப்புப் படிவு ஒன்றை உண்டாக்கிப் பற்களைக் காக்கின்றன. ஜி.எல். 5இல் அச்சேர்மங்கள் மிகுதி. அதே எண்ணெயைக் கியர் பாக்ஸில் ஊற்றினால், சில வகைச் சேர்மங்கள் அங்குள்ள பித்தளை வளையங்களை அரிக்கக்கூடும். ஆகவே தடிமன் ஒன்றாக இருப்பினும் ஒன்றின் இடத்தில் மற்றொன்று ஆகாது.

'தொண்ணூறு' என்ற பட்டறைச் சொல் தடிமனை மட்டுமே சொல்கிறது; தரவகையைச் சொல்வதில்லை. முன்பு அது இடர் செய்யவில்லை. பல வண்டிகளில் பாக்ஸுக்குத் தொண்ணூறு, கிரவுனுக்கு நூற்று நாற்பது என்று எண்ணே இரண்டையும் பிரித்துக் காட்டியது. கிரவுனுக்கும் தொண்ணூறு போடும் வண்டிகள் பெருகியதும் அந்த எண் இருபொருள் தரும் சொல்லாகிவிட்டது. பிரித்துக் காட்டும் எழுத்துகளோ கலத்தின்மேல் ஆங்கிலத்தில் பொடியாக அச்சிடப்பட்டிருந்தன. தமிழிலோ தெலுங்கிலோ ஒரு வரி இல்லை. புதிய கிரவுன்-பினியன் வாங்கிய கடன் இன்னும் அடையவில்லை.

இந்த இடத்தில் மொழியறிஞர்கள் எங்கே இருந்தார்கள்? ஒருவர் 'வகையீட்டுப் பல்லிணை' என்று எழுதிக்கொண்டிருந்தார். அச்சொல் என் மாமனுக்குத் தெரிந்திருந்தாலும் தவறு நேர்ந்திருக்கும். அது எண்ணெயின் தரவகையைப் பற்றி எதுவும் சொல்வதில்லை. இன்னொருவர் இது ஆய்வுப்பொருளே அன்று என்று முடிவு கட்டியிருந்தார். ஓட்டையை அடைத்தவர் அண்ணன். அன்றிலிருந்து அவர் 'கிரவுன் தொண்ணூறு', 'பாக்ஸ் தொண்ணூறு' என்று இரண்டு சொற்களை வழங்குகிறார். இரண்டு கலங்களின்மேலும் வெள்ளைப் பெயிண்டில் தமிழிலும் தெலுங்கிலும் எழுதி வைத்திருக்கிறார். கையாள் பையனும் ஓட்டுநர்களும் இப்போது அப்படியே கேட்கிறார்கள். இருபொருள் நேர்ந்த இடத்தை உணர்ந்து, இருக்கும் சொற்களைக்கொண்டே தொகைச்சொல் அமைத்து, வழக்கில் சோதித்து நிலைநிறுத்தியிருக்கிறார். சொல்லாக்கத்தில் இதற்குமேல் என்ன வேண்டும்?

அவர் வேலை செய்வதைப் பார்த்தவர்களுக்கு இது வியப்பாக இராது. வண்டியைச் சிறிது தூரம் ஓட்டி எண்ணெயைச் சூடாக்கிச் சமதரையில் நிறுத்துவார். வடிகால் திருகைத் தொடுமுன் மேலே ஊற்றும் திருகைத் திறந்து பார்ப்பார். வடித்தபின் மேல்திருகு இறுகிக் கிடந்தால் வண்டி நகர முடியாது. கீழ்த்திருகின் காந்தத்தில் ஒட்டியதை விரலால் தேய்ப்பார். கரிய பசையாக இருந்தால் இயல்பான தேய்மானம். சில்லு தட்டினால் பல் உடைகிறது. புதிய எண்ணெய் மேல்துளை விளிம்பில் வழியும்வரை ஊற்றுவார். கடைசியாகப் பிரீதரைத் துடைப்பார். அது அடைத்தால் உள்ளே அழுத்தம் ஏறி, சீல் கசிந்து, எண்ணெய் பிரேக் லைனிங்கில் இறங்கும். மலைப்பாதையில் அதன் பொருள் என்ன என்று நான் எழுத வேண்டியதில்லை. இத்தனைக்கும் அவரிடம் சொல் உண்டு. நம்மிடம் அச்சொற்களுக்கு ஓர் ஏடு இல்லை.

முன்மாதிரி இல்லாமலில்லை. பத்ரிராஜு கிருஷ்ணமூர்த்தி தெலுங்கின் தொழிற்சொற்களை வட்டாரந்தோறும் தொகுப்பித்து 1962இல் வேளாண்மைத் தொகுதியையும், 1971இல் கைத்தறித் தொகுதியையும் கொண்டுவந்தார். திராவிட மொழியியலின் தலைமகன் ஏரின் உறுப்புகளுக்கு உழவர் வாயில் பெயர் கேட்டபோது அவர் புலமை குறைந்துவிடவில்லை. தமிழில் கி. ராஜநாராயணனின் கரிசல் அகராதி 1982இல் வந்தது. பெருமாள்முருகனின் கொங்கு அகராதி 2000இல் வந்தது. வட்டாரச் சொல்லைக் காத்த இவ்விருவரும் எழுத்தாளர்கள் என்பதை நம் துறைகள் எண்ணிப்பார்க்க வேண்டும். ஏரும் தறியும் இருந்த இடத்தில் இன்று பிக்கப் நிற்கிறது. ஏரின் சொல் மரபு என்றால், பிக்கப்பின் சொல் ஏன் குப்பை?

என் கோரிக்கைகள் நான்கே. மோட்டார்த் தொழிற்சொல் அகராதி ஒன்றை எல்லைப்புற மாவட்டங்களின் மொழித்துறைகள் கூடித் தொகுக்கட்டும். தகவல் தந்த மெக்கானிக்குகள் 'தகவலாளி 1, தகவலாளி 2' என்று பின்னிணைப்பில் மறையாமல், தொகுப்பாளர்களாக ஊதியத்தோடும் பெயரோடும் முன்பக்கத்தில் நிற்கட்டும். புதுச்சொல் படைக்கும் குழு எதுவாயினும், அச்சேற்றும் முன் அச்சொல்லை ஒரு பட்டறையில் ஒரு வாரம் புழங்கவிட்டுப் பார்க்கட்டும். எண்ணெய்க் கலத்தின்மேல் எது எதற்கு என்பதை விற்கும் ஊரின் மொழியில் எழுதக் கோருவோம். அதில் 'கிரவுனுக்கு மட்டும்' என்று இருந்தால் எந்தத் தமிழும் கெட்டுவிடாது.

தூய தமிழ்ச் சொல்லுக்கு நான் பகைவன் அல்லன். நல்ல சொல் கிடைத்தால் அண்ணனே எடுத்துக்கொள்வார். மேல்துளையில் எண்ணெய் வழிவதை அவர் இன்றும் 'தளும்புது' என்றுதான் சொல்கிறார். எவரும் சொல்லிக் கொடுக்கவில்லை. சொல்லைப் படைப்பவர் அந்தத் தளும்பலை ஒருமுறை நேரில் பார்க்க வேண்டும் என்பதே என் வழக்கு.

என் கட்டுரை திருத்தத்துக்குத் திரும்பி வந்திருக்கிறது. தலைப்பில் 'கிரவுன் ஆயில்' என்பது அப்படியே இருக்கும் என்று பதில் எழுதிவிட்டேன். மறுப்பவர்கள் மறுக்கலாம்; விடை சொல்லக் காத்திருக்கிறேன்.