கடல் கடந்த விவரம் தெரிந்தவரே குமரிக்கு வேண்டும்

திங்கள்கிழமை காலையில் நாகர்கோவில் ஆட்சியர் அலுவலகத்துக்குப் போகிறவர்கள் அந்தப் பெண்களைப் பார்த்திருப்பார்கள். குறைதீர்க்கும் நாள் கூட்டத்தில் சற்று ஒதுங்கி, ஒரு பிளாஸ்டிக் உறையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நிற்பார்கள். உறைக்குள் வீட்டுக்காரரின் பாஸ்போர்ட் நகல், விசா நகல், வாட்ஸ்அப்பில் வந்த மங்கலான ஒரு படம், பங்குத்தந்தையின் கடிதம். மனு எழுதித் தரும் பெரியவர் முதலில் கேட்பது, "எந்த நாடு மக்ளே?" என்பதுதான். நாட்டின் பெயரைச் சொல்லிவிடுவார்கள். எந்த ஊர்ச் சிறை, என்ன வழக்கு, படகின் முதலாளி யார் என்று அடுத்தடுத்துக் கேட்டால் பதில் இருக்காது. எழுதி முடித்த மனு ஆட்சியரிடமிருந்து சென்னைக்கும், அங்கிருந்து டெல்லிக்கும், டெல்லியிலிருந்து ஏதோ ஒரு தூதரகத்துக்கும் போய்ச் சேர வேண்டும்.

இந்தக் குறையைத் தீர்க்கும் அதிகாரம் ஆட்சியருக்கு இல்லை. சட்டமன்ற உறுப்பினருக்கும் முதலமைச்சருக்கும்கூட இல்லை. அரசியலமைப்பின் ஏழாவது அட்டவணை வெளிநாட்டு விவகாரம் முழுவதையும் மத்திய அரசிடம் கொடுத்துவிட்டது. அந்த அரசைக் கேள்வி கேட்க நாம் நேரடியாகத் தேர்ந்தெடுத்து அனுப்பும் ஒரே ஆள் நம்முடைய மக்களவை உறுப்பினர். ஆனால் மக்களவைத் தேர்தல் வந்ததும் நாம் அவரிடம் கேட்பது என்ன? நான்குவழிச் சாலை, இரட்டை ரயில் பாதை, மேம்பாலம், குளம் தூர்வாருதல். இவை வேண்டாதவை என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் இவற்றில் பாதியை உள்ளாட்சியும் மாநில அரசும் செய்யலாம். ஈரானில் மாட்டிக்கொண்ட மீனவருக்காக ஊராட்சித் தலைவர் பேச முடியாது.

அதனால் இந்தப் பத்திரிகை வெளிப்படையாக ஒரு நிலை எடுக்கிறது. கன்னியாகுமரித் தொகுதியில் ஒரு வேட்பாளருக்கு வெளியுறவு விவகாரத்தில் தேர்ச்சி இருந்தால், அவரை ஆதரிக்க அது போதிய காரணம். எந்தக் கட்சிக்காரராக இருந்தாலும் சரி. அமெரிக்காவில் அதிபர் தேர்தலின்போது இதை வெளிப்படையாகவே எடைபோடுகிறார்கள். 2008-ல் ஒபாமா தம் துணை அதிபர் வேட்பாளராக, செனட்டின் வெளியுறவுக் குழுத் தலைவராக இருந்த ஜோ பைடனைத் தேர்ந்தெடுத்தபோது, அந்த அனுபவமே முக்கியக் காரணமாகப் பேசப்பட்டது. நம் நாட்டிலும், தூதராக இருந்த கே.ஆர்.நாராயணன் 1984-ல் ஒற்றப்பாலத்தில் போட்டியிட்டு மக்களவைக்கு வந்து, 1997-ல் குடியரசுத் தலைவரானார். ஒரு வல்லரசின் அதிபருக்கும் ஒரு நாட்டின் முதல் குடிமகனுக்கும் பொருந்துகிற தகுதி, நீரோடி முதல் ஆரோக்கியபுரம் வரை கடலை நம்பி வாழும் தொகுதியின் உறுப்பினருக்கு மட்டும் பொருந்தாமல் போகுமா?

மேற்குக் கரையில் தூத்தூரைச் சுற்றியுள்ள எட்டு ஊர்களை எடுத்துக்கொள்வோம். நீரோடி, மார்த்தாண்டந்துறை, வள்ளவிளை, இரவிபுத்தன்துறை, சின்னத்துறை, தூத்தூர், பூத்துறை, இரயுமன்துறை. சுறாவையும் சூரையையும் தேடி வாரக்கணக்கில் தங்குகடலுக்குப் போகிறவர்கள் இந்த ஊர்க்காரர்கள். அவர்கள் தூண்டில் போடும் இடத்துக்கு மிக அருகில் இருக்கும் அரசு பல நாட்களில் இந்திய அரசாக இருக்காது. அது பிரிட்டனாக இருக்கலாம், மொரீஷியஸாக, மாலத்தீவாக, ஓமனாக இருக்கலாம்.

2012 பிப்ரவரி 15-ம் தேதியை இந்தக் கரை மறக்காது. கேரளக் கரையிலிருந்து சுமார் 20 கடல் மைல் தொலைவில், 'என்ரிகா லெக்சி' என்ற இத்தாலிய எண்ணெய்க் கப்பலில் காவலுக்கு இருந்த கடற்படை வீரர்கள் 'செயின்ட் ஆண்டனி' படகை நோக்கிச் சுட்டார்கள். இரண்டு மீனவர்கள் இறந்தார்கள். ஒருவர் கொல்லத்துக்காரர், மற்றவர் நம் மாவட்டத்து இளைஞர். கொலையா, கடற்கொள்ளையர் என்று எண்ணிச் சுட்டதா என்று உலகம் விவாதித்தது. ஆனால் வழக்கின் உயிர் வேறொரு கேள்வியில் இருந்தது. 12 கடல் மைலுக்கு அப்பால் நடந்த சாவை விசாரிக்கும் உரிமை யாருக்கு? கேரளத்துக்கு இல்லை, மத்திய அரசே சிறப்பு நீதிமன்றம் அமைக்கலாம் என்று 2013 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2015-ல் இத்தாலி ஐ.நா. கடல் சட்ட உடன்படிக்கையின்கீழ் நடுவர் மன்றத்துக்குப் போனது. குற்ற விசாரணை நடத்தும் உரிமை இத்தாலிக்கே, இந்தியாவுக்கு இழப்பீடு பெறும் உரிமை உண்டு என்ற தீர்ப்பு 2020 ஜூலையில் வெளியானது. இத்தாலி கொடுத்த 10 கோடி ரூபாயோடு 2021 ஜூன் 15-ல் இந்திய நீதிமன்றங்களில் வழக்கு முடிந்தது.

அந்த 10 கோடியில் இறந்த இருவர் குடும்பத்துக்கும் தலா 4 கோடி, படகு உரிமையாளருக்கு 2 கோடி. குண்டு பாய்ந்த அந்தப் படகில் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டிருந்த மற்ற தொழிலாளர்களின் பெயர் கணக்கிலேயே வரவில்லை. அவர்கள் தாங்களாகவே உச்ச நீதிமன்றத்தின் கதவைத் தட்டி, 2022 நவம்பரில்தான் ஆளுக்கு 5 லட்சம் பெற்றார்கள். இரண்டு அரசுகள் பேசி முடித்த ஒப்பந்தத்தில் நம் ஆட்கள் விடுபட்டுப் போனதை மக்களவையில் எழுந்து சுட்டிக்காட்டுவது, அந்தத் தீர்ப்பைப் படித்துப் புரிந்துகொள்ளக்கூடிய உறுப்பினரின் வேலை. எதிர்ப்பக்கத்தையும் பாருங்கள். தங்கள் நாட்டுத் தேர்தலில் வாக்களிப்பதற்காக நான்கு வார அனுமதி வாங்கி ஊருக்குப் போன, சுட்டதாகக் குற்றம் சாட்டப்பட்ட இரண்டு வீரர்களையும் இத்தாலி 2013 மார்ச்சில் இந்தியாவுக்குத் திருப்பி அனுப்பியது. அதை எதிர்த்து அந்நாட்டின் வெளியுறவு அமைச்சர் ஜூலியோ தெர்சி நாடாளுமன்றத்திலேயே பதவி விலகினார். இரண்டு வீரர்களுக்காக அங்கே ஓர் அமைச்சரின் நாற்காலி ஆடியது. பறிபோன நம் உயிர்களுக்காக இங்கே யாருடைய நாற்காலி ஆடியது?

2020-ல் கொரோனா வந்து விமானங்கள் நின்றபோது ஈரான் கரையில் நம் மீனவர்கள் நூற்றுக்கணக்கில் சிக்கிக்கொண்டார்கள். பந்தர் அப்பாஸிலிருந்து 'ஜலாஷ்வா' கப்பல் 687 பேரை ஏற்றிக்கொண்டு தூத்துக்குடிக்கு வந்தது ஜூலை 1-ம் தேதி. அதுவரை மாதக்கணக்கில் முதலாளியின் படகிலேயே படுத்துறங்கியவர்கள் அவர்களில் உண்டு. 2025 ஜூனில் இஸ்ரேலும் ஈரானும் மோதிக்கொண்டபோது அதே கரையிலிருந்து அதே அழுகுரல்கள் செல்பேசியில் வந்தன. ஐந்தாண்டு இடைவெளியில் நாம் கற்றுக்கொண்டது என்ன? எத்தனை பேர் எந்தத் துறைமுகத்தில் வேலை பார்க்கிறார்கள் என்ற பதிவேடு ஒன்று நம் கையில் இருக்கிறதா? 1983-ம் ஆண்டுக் குடிப்பெயர்வுச் சட்டத்துக்குப் பதிலாகப் புதிய சட்டம் கொண்டுவர 2021-லும் 2025-லும் வரைவுகள் வெளியாயின. வெளிநாட்டுப் படகில் கூலிக்குப் போகும் மீனவருக்கு அவற்றில் என்ன பாதுகாப்பு என்று வரிக்கு வரி பார்த்துக் கேட்கத் தெரிந்தவர் நமக்கு வேண்டும்.

டீகோ கார்சியாவின் பெயரைத் தூத்தூரில் சின்னப் பிள்ளைகளும் சொல்வார்கள். அது அடங்கிய சாகோஸ் தீவுக் கூட்டத்தைச் சுற்றிய கடலை மீன்பிடிக்கத் தடையுள்ள பகுதியாக 2010-ல் பிரிட்டன் அறிவித்தது. எல்லை தாண்டினார்கள் என்று நம் படகுகள் அங்கே பிடிபடுகின்றன. அபராதம் கட்டி மீட்க வேண்டியிருக்கிறது, சில நேரம் படகே போய்விடுகிறது. தீவுகளின் இறையாண்மையை மொரீஷியஸுக்கு மாற்றும் உடன்படிக்கையில் 2025 மே 22-ல் கையெழுத்தானது. அந்தக் கடல் பாதுகாப்புப் பகுதியைக் கண்காணிக்க மொரீஷியஸுக்கு உதவுவதாக இந்தியா அதே ஆண்டு செப்டம்பரில் ஒப்புக்கொண்டது. மொரீஷியஸ் நமக்கு நட்பு நாடு, பேசினால் கேட்கக்கூடிய நாடு. உதவி செய்யும்போதே, வழிதவறி வரும் மீனவரைச் சிறையில் அடைக்காமல் எச்சரித்து அனுப்பும் ஏற்பாடு ஒன்றைக் கேட்டிருக்கலாம். கேட்க வேண்டிய நேரம் எது என்பதை அறிந்தவர் நம் பக்கம் இருந்திருக்க வேண்டும்.

வாட்ஜ் பேங்க் விஷயம் இன்னும் ஆழமானது. குமரிமுனைக்குத் தெற்கே சுமார் 50 கிலோமீட்டரில் தொடங்கி, ஏறத்தாழ 10,000 சதுர கிலோமீட்டருக்கு விரிந்து கிடக்கும் மீன்வளம் அது. 1976 மார்ச் 23-ல் இந்தியாவும் இலங்கையும் கடல் எல்லை ஒப்பந்தம் செய்துகொண்டன. அன்றே இரு நாட்டு வெளியுறவுச் செயலர்கள், நம் கேவல் சிங்கும் இலங்கையின் ஜயசிங்கவும், கடிதங்கள் பரிமாறிக்கொண்டார்கள். வாட்ஜ் பேங்க் இந்தியாவின் பொருளாதார மண்டலத்துக்குள் வரும், இலங்கையின் ஆறு படகுகள் மட்டும் மூன்று ஆண்டுகளுக்கு, ஆண்டுக்கு 2,000 டன்னுக்கு மிகாமல் பிடிக்கலாம் என்பது அதன் சாரம். நமக்கு நன்மை தந்த கடிதம்தான், மறுக்கவில்லை. ஆனால் அந்த நாளை நினைத்துப் பாருங்கள். நாட்டில் நெருக்கடி நிலை. தமிழ்நாட்டில் தி.மு.க. ஆட்சி கலைக்கப்பட்டு இரண்டு மாதம்கூட ஆகவில்லை. அன்று நாகர்கோவில் என்றிருந்த நம் தொகுதியின் உறுப்பினர் காமராஜர் முந்தைய அக்டோபர் 2-ல் காலமாகியிருந்தார். இத்தொகுதிக்காக அடுத்து மக்களவைக்குள் நுழைந்தவர் 1977-ல் வென்ற குமரி அனந்தன். நம் கடலின் கணக்கை எழுதிய நாளில் நம் குரலாக அங்கே ஒருவரும் இல்லை.

அரை நூற்றாண்டு கழித்தும் நிலைமை பெரிதாக மாறவில்லை. 2024 தேர்தலுக்கு மூன்று வாரம் முன்பு, மார்ச் 31-ல் பிரதமர், இலங்கைக்குப் போன கச்சத்தீவைப் பற்றிப் பேசினார். மறுநாள் வெளியுறவு அமைச்சர் ஜெய்சங்கர் செய்தியாளர்களைக் கூட்டினார். எதிர்த்தரப்பு, கச்சத்தீவுக்கு ஈடாக வாட்ஜ் பேங்க் கிடைத்ததே என்றது. இரு தரப்பும் நம் கடலைத் தராசுத் தட்டில் வைத்துப் பேசின. அதே ஆண்டு ஜனவரியில் தொடங்கிய ஏலத்தில் குமரிக்குத் தெற்கேயுள்ள ஆழ்கடல் வட்டாரங்களும் எண்ணெய், எரிவாயு தேடலுக்கு விடப்பட்டிருந்தன. கச்சத்தீவு கேட்ட அளவுக்கு அது நம் மேடைகளில் கேட்கவில்லை. ஏலம் முடிந்த பிறகு ஊர் ஊராகப் போராட வேண்டியதாயிற்று.

கரையைவிட்டு உள்ளே வந்தாலும் இதே கதைதான். குலசேகரத்தில் ரப்பர் ஷீட் உலர்த்துகிறவரின் விலையை, ஆசியான் நாடுகளோடு 2009-ல் கையெழுத்தான வர்த்தக ஒப்பந்தம் பாதிக்கிறது. கலவை ரப்பருக்கு 2023 பட்ஜெட்டில் இறக்குமதி வரியை 10 சதவீதத்திலிருந்து 25 ஆக உயர்த்தியும், ஒப்பந்தச் சலுகையில் வரும் சரக்குக்கு அது தடையாகவில்லை என்று விவசாயிகள் புலம்பினார்கள். முந்திரி ஆலைகளில் தோல் நீக்கும் பெண்களின் வேலைநாள், ஆப்பிரிக்காவிலிருந்து பச்சை முந்திரி வருவதைப் பொறுத்திருக்கிறது.

எம்.பி.யால் ஒப்பந்தம் போட முடியாதே என்று கேட்பார்கள். உண்மைதான். நம் நாட்டில் வெளிநாட்டு ஒப்பந்தங்களுக்கு நாடாளுமன்றத்தின் ஒப்புதல்கூடத் தேவையில்லை. அதனாலேயே கேள்வி நேரமும், வெளியுறவு நிலைக்குழுவில் மக்களவைக்கு உள்ள 21 இடங்களும் விலைமதிப்பற்றவை. களியக்காவிளையைத் தாண்டிப் பாருங்கள். திருவனந்தபுரம் 1971-ல் வி.கே.கிருஷ்ண மேனனைத் தேர்ந்தெடுத்தது. ஐ.நா.வில் பணியாற்றிய சசி தரூரை 2009 முதல் நான்கு முறை தேர்ந்தெடுத்தது. அவர் அந்த நிலைக்குழுவின் தலைவராகவும் இருந்தார். நீரோடிக்கு அடுத்த ஊர் பொழியூர். ஒரே கடல், ஒரே வலை. பொழியூர்க்காரரின் உறுப்பினர் வெளியுறவுச் செயலரையே எதிரில் உட்கார வைத்துக் கேட்கும் இடத்தில் இருந்தார்.

இன்னொரு அச்சமும் நியாயமானது. நிபுணர்கள் நம்மை விற்றுவிடுவார்கள் என்பது. கச்சத்தீவைக் கொடுத்தவர்களும் வெளியுறவு நிபுணர்களே. அவர்கள் ராமேஸ்வரத்து மீனவரிடம் ஓட்டுக் கேட்டு வர வேண்டியவர்களாக இல்லை. ஓட்டுக் கேட்டு வருகிறவரிடம் அந்த அறிவு இருக்க வேண்டும் என்பதே நம் கோரிக்கை. பட்டமும் ஆங்கிலமும் அதற்கு அளவுகோலாக வேண்டாம். காமராஜர் எந்தத் தூதரகத்திலும் வேலை பார்த்தவரில்லை. 1969-ல் இந்தத் தொகுதி அவரைத் தேர்ந்தெடுத்தபோது டெல்லியில் அவர் சொல்லுக்கு எடை இருந்தது. இங்கேயே பங்குப் பேரவைகளிலும் மீனவர் சங்கங்களிலும், தூதரகத்துக்குக் கடிதம் எழுதி எழுதியே கடல் சட்டம் கற்றவர்கள் இருக்கிறார்கள். கட்சிகள் அவர்களில் ஒருவரை நிறுத்தட்டும்.

அடுத்த மக்களவைத் தேர்தலில் வேட்பாளர்கள் தூத்தூரிலோ குளச்சலிலோ ஒரே மேடைக்கு வர வேண்டும். சாகோஸ் கடலில் பிடிபட்ட படகை மீட்க முதல் நாள் யாரை அழைப்பீர்கள், வெளியுறவு நிலைக்குழுவில் இடம் வேண்டும் என்று உங்கள் கட்சித் தலைமையிடம் எழுதிக் கொடுப்பீர்களா, வாட்ஜ் பேங்க் கடிதத்தைப் படித்திருக்கிறீர்களா என்று கேட்க வேண்டும். கேள்வியை முதலில் கேட்க, பிளாஸ்டிக் உறையோடு திங்கள்தோறும் நாகர்கோவிலுக்கு வரும் அந்தப் பெண்களை முன்வரிசையில் உட்கார வைப்போம்.