குழாயடியில் நடத்த வேண்டிய பாடம்

மாண்புமிகு உயர்கல்வித் துறை அமைச்சர் அவர்களுக்கு,



சுற்றுச்சூழல் கல்வி உச்ச நீதிமன்ற ஆணையால் இளங்கலை மாணவர்களுக்குக் கட்டாயப் பாடமானது. நன்னெறிக் கல்வி தனித் தாள். தேர்வு முடிந்த மறுநாளே இரண்டும் மறந்துபோகின்றன. இரண்டையும் சேர்த்துக் குழாயடிக்குக் கொண்டுவாருங்கள் என்று கேட்கவே இந்த மடல்.

எங்கள் இஸ்லாமிய மார்க்கத்திலிருந்தே சொல்கிறேன். ஓடும் ஆற்றங்கரையில் இருந்தாலும் ஒளுவுக்கு (தொழுகைக்கு முன் கைகால் முகம் கழுவுவதற்கு) தண்ணீரை வீணாக்காதே என்றொரு ஹதீஸ், அதாவது நபிமொழி, உண்டு. அதன் அறிவிப்பாளர் வரிசை பலவீனமானது என்பார்கள் மார்க்க அறிஞர்கள். இருக்கட்டும், நபிகள் நாயகம் (ஸல்) ஒரு 'முத்து' நீரில் ஒளு செய்ததாகப் புகாரி ஹதீஸ் தொகுப்பிலேயே இருக்கிறதே! முத்து என்றால் இரு கை சேர்த்து அள்ளும் அளவு, ஏறத்தாழ முக்கால் லிட்டர்தான். குழாயை முழுக்கத் திறந்துவிட்டால் முகம் கழுவும் முன்பே அதைத் தாண்டிவிடுகிறோம். பக்கத்தில் மேட்டூர் அணை இருந்தும் போர்வெல்லை நம்பி வாழும் மேச்சேரிக்காரனுக்கு இது உறைக்கும்.

நீர்த்துறை, நடைபாதை, நிழல் ஆகிய இடங்களில் மலஜலம் கழிப்பது சாபத்துக்குரியது என்கிறது இன்னொரு ஹதீஸ். அப்படியானால் ஒதுங்க நல்ல இடம் கட்டித் தருவது நிர்வாகத்தின் கடமை. கழிப்பறையில் தண்ணீர் வராது என்பதற்காகவே காலையிலிருந்து ஒரு வாய் தண்ணீர் குடிக்காமல் வகுப்பில் உட்காரும் மாணவிகள் இருக்கிறார்கள். அவர்களுக்கு எந்தத் தாளில் மதிப்பெண் போடுவீர்கள்?

வேதம் கையில் இருந்தால் போதும் என்று நான் வாதாட வரவில்லை. தோல் வணிகத்தில் சம்பாதித்த முஸ்லிம் கொடையாளர்களே தமிழ்நாட்டில் பல கல்லூரிகளை எழுப்பினார்கள். வாணியம்பாடி இஸ்லாமியா கல்லூரி 1919-இலேயே தொடங்கிவிட்டது. அதே வட்டாரத்து டேனரிக் கழிவுதான் பாலாற்றையும் கெடுத்தது. மாசுபடுத்தியவரே ஈடு கட்ட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1996-இல் வேலூர் வழக்கில் தீர்ப்புச் சொல்லும்வரை எந்த ஹதீஸும் அந்தக் கழிவுநீரைத் தடுக்கவில்லை. போதனையோடு கணக்கும் வேண்டும்.

எனவே முஸ்லிம்கள் நடத்தும் கல்லூரிகளிலிருந்தே தொடங்குங்கள். எங்களுக்குச் சலுகை வேண்டாம். ஒளு செய்யும் இடத்திலும் விடுதியிலும் தண்ணீர் மீட்டர் பொருத்தச் சொல்லுங்கள். ஒளுத் தண்ணீர் தோட்டத்துக்குப் போகட்டும். மெஸ்ஸில் மிஞ்சும் சோற்றை மாணவர்களே எடைபோட்டுப் பலகையில் எழுதட்டும். அந்த எண்களுக்குச் செய்முறை மதிப்பெண் கொடுங்கள். மற்ற கல்லூரிகள் தத்தம் நெறியிலிருந்து காரணம் சொல்லிக்கொள்ளட்டும். மீட்டர் எல்லோருக்கும் ஒன்றே.

அடுத்த கல்வியாண்டு தொடங்கும் முன் சுற்றறிக்கை வருமா?

இப்படிக்கு,
மேச்சேரிவாசி ஒருவன்