தந்தையரின் மனச்சுமை: சட்டம் தந்த உரிமை ஏட்டோடு நிற்கலாமா?

தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்கின்படி, 2022ஆம் ஆண்டில் இந்தியாவில் 1,70,924 பேர் தற்கொலை செய்துகொண்டனர். அவர்களில் 1,22,724 பேர் ஆண்கள். திருமணமான ஆண்கள் மட்டும் 80 ஆயிரத்துக்கும் அதிகம். இவர்களில் எத்தனை பேர் தந்தையர் என்பதை ஆவணக் காப்பகம் தனியே பதிவு செய்வதில்லை. இந்தச் சாவுகளில் மிகப் பல, பிள்ளைகளைத் தகப்பனற்றவர்களாக்கின என்பதை அறியத் தனிக் கணக்கு தேவையுமில்லை.

மாண்டவர்கள் யார் என்பதை அதே அறிக்கை சொல்கிறது. 44 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் தினக்கூலித் தொழிலாளர்கள். அதாவது, தற்கொலை செய்துகொண்டவர்களில் நான்கில் ஒருவருக்கு மேல் அன்றாடம் உழைத்து அன்றாடம் உண்பவர். 2014ஆம் ஆண்டுக் கணக்கில் தினக்கூலித் தொழிலாளர்களின் பங்கு 12 விழுக்காடு; எட்டே ஆண்டுகளில் அது இரு மடங்கைத் தாண்டிவிட்டது. வேளாண் துறையைச் சேர்ந்தோர் 11,290 பேர். அவர்களில் நிலமுள்ள விவசாயிகளைவிட விவசாயத் தொழிலாளர்களே அதிகம். மாண்டவர்களில் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கினரின் ஆண்டு வருமானம் ஒரு லட்ச ரூபாய்க்கும் கீழ். "குடும்பப் பிரச்சினை", "நோய்" ஆகியவற்றை முதன்மைக் காரணங்களாக அறிக்கை வரிசைப்படுத்துகிறது. வேலையின்மையும் கடனும் மருத்துவச் செலவும் வீட்டுக்குள் நுழைந்த பிறகு, காவல்துறையின் படிவத்தில் அவற்றுக்குக் "குடும்பப் பிரச்சினை" என்றே பெயர்.

எனவே, தந்தையரின் மனநலம் என்பது தனிமனிதரின் மன உறுதி பற்றிய கேள்வி அன்று. நிரந்தர வேலை ஒப்பந்த வேலையாகவும், ஒப்பந்த வேலை நாள் கூலியாகவும் சிதைந்துள்ள காலம் இது. கல்வியும் மருத்துவமும் விலைச் சரக்குகளாகிவிட்டன. பள்ளிக் கட்டணத்துக்கு நுண்நிதிக் கடன், அந்தக் கடனை அடைக்கக் கைபேசிச் செயலிக் கடன் என்று சங்கிலி நீள்கிறது. வசூல் முகவர் வாசலில் நின்று, பிள்ளைகளின் முன்னால் அவமதிக்கிறார். "குடும்பத்தைக் காப்பவன் ஆண்" என்ற கடமையைச் சமூகம் அவன் தோளில் ஏற்றுகிறது. அதை நிறைவேற்றும் வழிகளை நவதாராளமயப் பொருளாதாரம் ஒவ்வொன்றாக அடைக்கிறது. இரண்டுக்கும் இடையில் நசுங்குபவர் அதைத் தம் சொந்தத் தோல்வி என்றே நம்புகிறார். நம்புவதால் வெளியே சொல்வதில்லை.

இந்தத் துயரத்தைப் பெண்களுக்கு எதிரான ஆயுதமாக்கும் முயற்சியும் நடக்கிறது. ஆண்களின் தற்கொலை எண்ணிக்கையைக் காட்டி, வரதட்சணைக் கொடுமைக்கும் குடும்ப வன்முறைக்கும் எதிரான சட்டங்களைத் தளர்த்த வேண்டும் என்று சில குழுக்கள் கூச்சலிடுகின்றன. அதே 2022இல் தற்கொலை செய்துகொண்ட இல்லத்தரசிகள் 25,309 பேர் என்ற உண்மை அவர்கள் வாயிலிருந்து வருவதில்லை. கணவன் மாண்டபின் கடனையும் பிள்ளைகளையும் சுமப்பவர் மனைவியே. ஆண் அழக் கூடாது, உதவி கேட்கக் கூடாது என்று கற்பிப்பதும் பெண்ணை அடக்கி வைப்பதும் ஒரே ஆணாதிக்கம்தான். தந்தையரின் உயிரைக் காக்கும் போராட்டம் பெண் விடுதலைப் போராட்டத்துக்கு எதிரானதன்று, அதன் உடன்பிறப்பு.

சட்டம் சொல்வது என்ன?

மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017இல் நிறைவேறி, 2018 மே 29 முதல் நடைமுறையில் உள்ளது. உலகில் பல நாடுகளின் சட்டங்களில் இல்லாத ஓர் உரிமையை அதன் 18ஆவது பிரிவு அளிக்கிறது: அரசு நடத்தும் அல்லது அரசு நிதியுதவி பெறும் நிறுவனங்களில், கட்டுப்படியாகும் செலவில், தரமான மனநலச் சிகிச்சை பெறும் உரிமை ஒவ்வொருவருக்கும் உண்டு. வறுமைக் கோட்டுக்குக் கீழே வாழ்பவர், அதற்கான அட்டை வைத்திருந்தாலும் இல்லாவிட்டாலும், கட்டணமின்றிச் சிகிச்சை பெறலாம். அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் உள்ள மருந்துகள் சமுதாய சுகாதார நிலையம் முதற்கொண்டு மேல்நிலை மருத்துவமனைகள் வரை இலவசமாகக் கிடைக்க வேண்டும். குறைந்தபட்சச் சேவை மாவட்டத்தில் இல்லையென்றால், அதே மாவட்டத்தில் வேறிடத்தில் பெறும் சிகிச்சையின் செலவை அரசே ஏற்க வேண்டும்.

115ஆவது பிரிவு இன்னும் முக்கியமானது. தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்ததாகவே கருத வேண்டும். அவரைத் தண்டிக்கக் கூடாது. அவருக்குச் சிகிச்சையும் மறுவாழ்வும் அளிப்பது அரசின் கடமை. புதிய பாரதிய நியாய சன்ஹிதாவில் பழைய 309ஆவது பிரிவும் இல்லை. (அரசு ஊழியரின் கடமையைத் தடுக்கும் நோக்கில் தற்கொலைக்கு முயல்வதைக் குற்றமாக்கும் 226ஆவது பிரிவைப் புதிதாக நுழைத்து, உண்ணாவிரதப் போராளிகளின் மீது பாய்ச்ச வழி செய்திருப்பது தனியே எதிர்க்கப்பட வேண்டியது.) "போலீஸ் கேஸ் ஆகிவிடும்" என்ற அச்சத்தால் மருத்துவமனைக்குச் செல்லத் தயங்கும் குடும்பங்கள் இன்றும் உள்ளன. அந்த அச்சத்தைப் போக்குவதே பல உயிர்களைக் காக்கும்.

நடப்பது என்ன?

நிம்ஹான்ஸ் நிறுவனம் 12 மாநிலங்களில் நடத்திய 2015-16 தேசிய மனநல ஆய்வு, பல்வேறு மனநலக் கோளாறுகளில் 70 முதல் 92 விழுக்காடு வரையானோர் சிகிச்சையின்றி இருப்பதைக் காட்டியது. மனநல மருத்துவர்களின் எண்ணிக்கை ஒரு லட்சம் பேருக்கு 0.75; மூவராவது வேண்டும் என்பது மதிப்பீடு. உள்ளவர்களிலும் பெரும்பாலோர் பெருநகரங்களில் இருக்கின்றனர். பத்தாண்டுகளுக்குள் பன்னாட்டு நெறிகளின்படி போதுமான மனநலப் பணியாளர்களை உருவாக்குவதாகச் சட்டத்தின் 31ஆவது பிரிவு வாக்களித்தது. அந்தக் கெடு 2028இல் முடிகிறது.

1996இல் நான்கு மாவட்டங்களில் தொடங்கிய மாவட்ட மனநலத் திட்டம், இன்று ஏட்டளவில் 700க்கும் மேற்பட்ட மாவட்டங்களை எட்டியுள்ளது. ஏட்டுக்கு வெளியே, மருத்துவர் பணியிடம் காலி, ஆலோசகர் ஒப்பந்த ஊழியர், மருந்து இருப்பு இல்லை என்பதே பல மாவட்டங்களின் நிலை. 2024-25 ஒன்றிய பட்ஜெட்டில் மனநலத்துக்கென நேரடியாக ஒதுக்கப்பட்டது ஏறத்தாழ 1,000 கோடி ரூபாய். சுகாதார அமைச்சக ஒதுக்கீட்டில் சுமார் ஒரு விழுக்காடு. அதிலும் பெரும்பகுதி பெங்களூரு நிம்ஹான்ஸ் என்ற ஒரே நிறுவனத்துக்கு. அந்த நிறுவனத்துக்கு நிதி தேவைதான். ஆனால் ஒரு லாத்தூர் விவசாயத் தொழிலாளியோ பட்டிண்டா குத்தகை விவசாயியோ பெங்களூருவுக்குப் போய்ச் சிகிச்சை பெற முடியாது.

2022 அக்டோபர் 10 உலக மனநல நாளில் தொடங்கப்பட்ட டெலி மானஸ் தொலைபேசிச் சேவை பயனுள்ளது. 14416 என்ற எண்ணில் 24 மணி நேரமும், கட்டணமின்றி, தமிழ் உள்ளிட்ட 20 மொழிகளில் பயிற்சி பெற்ற ஆலோசகரிடம் பேசலாம்; தேவையானால் அவர் மனநல மருத்துவருடன் இணைப்பார். பல லட்சம் பேர் அழைத்துள்ளனர். அழைப்புகள் கூடும்போது நிதியும் கூட வேண்டும். ஆனால் 2023-24இல் 133.73 கோடியாக இருந்த ஒதுக்கீடு, 2024-25இல் 90 கோடியாகச் சரிந்தது. தொலைபேசியில் பேசியவரை நேரில் பார்க்க மாவட்ட மருத்துவமனையில் ஆளில்லை என்றால், அந்த அழைப்பு பாதி வழியில் நின்ற பேருந்துக்கு ஒப்பாகும்.

காப்பீட்டைப் பெரிதாகப் பேசும் ஒன்றிய அரசின் ஆயுஷ்மான் பாரத் மருத்துவக் காப்பீடு, மருத்துவமனையில் சேர்ந்து பெறும் சிகிச்சைக்கே உரியது. மனச்சோர்வுக்குப் பெரும்பாலும் தேவைப்படுவது புறநோயாளியாகப் பெறும் தொடர் ஆலோசனையும் மருந்தும். அதற்குக் காப்பீடு இல்லை. தனியார் ஆலோசகரிடம் ஒரு முறை பேசக் கொடுக்க வேண்டிய தொகை, தினக்கூலியின் ஒரு நாள் வருமானத்தை விழுங்கிவிடும். அரசு மருத்துவமனைக்குச் சென்றாலும் காலை வேளைப் புறநோயாளிப் பிரிவுக்காக ஒரு நாள் கூலியை இழக்க வேண்டும். தந்தையர் சிகிச்சைக்கு வருவதில்லை என்று குறை சொல்பவர்கள், அவர்கள் வரக்கூடிய நேரத்தில் கதவு திறந்திருக்கிறதா என்று கேட்பதில்லை.

குழந்தை பிறந்த முதல் ஆண்டில் தாய்க்கு மட்டுமன்றித் தந்தைக்கும் மனச்சோர்வு ஏற்படலாம். பல நாடுகளின் ஆய்வுகளைத் தொகுத்து 2010இல் வெளியான மதிப்பீடு, ஏறத்தாழ பத்துத் தந்தையரில் ஒருவருக்கு அது நேர்வதாகக் கண்டது. இந்தியாவில் ஒன்றிய அரசு ஊழியர்களுக்கு 15 நாள் தந்தைமை விடுப்பு உண்டு. தனியார் துறைத் தொழிலாளர்களுக்கும் முறைசாராத் தொழிலாளர்களுக்கும் ஒரு நாள் கூட உறுதி செய்யும் ஒன்றியச் சட்டம் கிடையாது. 2020ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பும் இதுபற்றி வாய் திறக்கவில்லை.

முடியாத காரியமா?

போதிய மருத்துவர்கள் உருவாகும் வரை ஒன்றும் செய்ய முடியாது என்ற வாதம் பொய் என்பதற்கு நாட்டுக்குள்ளேயே சான்றுகள் உள்ளன. விவசாயிகளின் தற்கொலையால் அறியப்பட்ட விதர்பாவின் அமராவதி மாவட்டத்தில், 30 கிராமங்களில் 'விஷ்ராம்' என்ற திட்டம் செயல்பட்டது. அந்தந்த ஊர் மக்களிடமிருந்தே பயிற்சி பெற்ற ஊழியர்கள் வீடு வீடாகச் சென்று பேசினர், ஆலோசனை தந்தனர், தேவைப்பட்டவரை மருத்துவரிடம் அனுப்பினர். 18 மாதங்களில், மனச்சோர்வுக்கு உதவி நாடியோர் 4.3 விழுக்காட்டிலிருந்து 27.2 விழுக்காடாக உயர்ந்தனர். தற்கொலை எண்ணம் இருப்பதாகச் சொன்னவர்களின் விகிதம் ஏறத்தாழ பாதியாகக் குறைந்தது. கோவாவின் ஆரம்ப சுகாதார நிலையங்களில், குடிப்பழக்கத்தால் பாதிக்கப்பட்ட ஆண்களுக்குச் சாதாரணக் கல்வித் தகுதி பெற்ற ஆலோசகர்கள் அளித்த சில அமர்வு ஆலோசனைகள் பலன் தந்ததை 2017இல் வெளியான ஆய்வு காட்டியது. கேரளத்தில் 'ஆர்த்ரம்' திட்டத்தின் பகுதியாக, குடும்ப சுகாதார மையங்களில் பயிற்சி பெற்ற செவிலியர் மனச்சோர்வைக் கண்டறியும் 'ஆஸ்வாசம்' மையங்கள் இயங்குகின்றன. அரசு முன்வந்தால், பெரிய கட்டடங்களுக்குக் காத்திராமல் ஊருக்குள்ளேயே உதவியைக் கொண்டுவர முடியும்.

ஆனால் இதையே சாக்காக்கி, ஏற்கெனவே வேலைச்சுமையில் தவிக்கும் ஆஷா ஊழியர்களின் தலையில் ஊதியமில்லாமல் இன்னொரு பணியைச் சுமத்துவதை ஏற்க முடியாது. பயிற்சியும் தனி ஊதியமும் பணிப் பாதுகாப்பும் உள்ள ஊழியரே மற்றவரின் சுமையை இறக்கி வைக்க முடியும்.

கோரிக்கைகள் தெளிவானவை. மாவட்ட மனநலத் திட்டத்தின் காலிப் பணியிடங்களை நிரந்தரப் பணியாளர்களைக் கொண்டு நிரப்ப வேண்டும். ஒவ்வோர் ஆரம்ப சுகாதார நிலையத்திலும் ஆலோசகர் ஒருவரை நியமித்து, மாலை நேரத்திலும் ஞாயிறன்றும் சேவை அளிக்க வேண்டும். டெலி மானஸ் நிதியை மீட்டு உயர்த்த வேண்டும். புறநோயாளி மனநலச் சிகிச்சையைப் பொதுக் காப்பீட்டில் சேர்க்க வேண்டும். ஊதியத்துடன் கூடிய தந்தைமை விடுப்பை எல்லாத் தொழிலாளர்களுக்கும் சட்டமாக்க வேண்டும். நுண்நிதி நிறுவனங்களின் அடாவடி வசூலுக்கு முடிவு கட்ட வேண்டும். மதுவால் வருவாய் ஈட்டும் மாநில அரசுகள், அந்த வருவாயிலிருந்து குடிநோய் சிகிச்சைக்குப் போதிய நிதி ஒதுக்க வேண்டும். வேலையும் கூலியும் உறுதியாகாமல் இவை எதுவும் முழுப் பலன் தராது என்பதும் மறக்கத்தக்கதன்று.

கட்சி உறுப்பினர்களுக்கும் வெகுஜன அமைப்புகளுக்கும் உடனடிப் பணிகள் உள்ளன. தொழிற்சங்கத் தகவல் பலகையில் 14416 என்ற எண்ணும், மாவட்ட மருத்துவமனை மனநலப் பிரிவின் நாளும் நேரமும் எழுதப்பட வேண்டும். கூட்டங்களுக்கு வராமல் ஒதுங்கும் தோழரை, குடி கூடிப்போன தோழரை, கடனால் தலைமறைவாகத் திரியும் தோழரை ஒழுங்குப் பிரச்சினையாக மட்டும் பார்க்கும் வழக்கம் மாற வேண்டும். வாழ்வதில் பயனில்லை என்று ஒருவர் சொன்னால், அதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளக் கூடாது. தற்கொலை எண்ணம் உள்ளதா என்று நேராகக் கேட்பது அந்த எண்ணத்தைத் தூண்டாது. பேசுவதற்கு வழி திறக்கும். அவரைத் தனியே விடாமல் உடனிருப்பது, ஆபத்தான பொருள்களை எட்டாத இடத்தில் வைப்பது, 14416 எண்ணை அழைத்துத் தருவது, உயிருக்கு உடனடி ஆபத்து என்றால் 108 அல்லது 112ஐ அழைத்து அரசு மருத்துவமனைக்கு உடன் செல்வது ஆகியவற்றைச் செய்யப் பட்டம் தேவையில்லை. அடுத்த வாரமும் அடுத்த மாதமும் திரும்பப் போய்ப் பார்ப்பது அதைவிட முக்கியம்.

வேலைநிறுத்தக் காலத்தில் தொழிலாளியின் வீட்டில் அடுப்பெரிகிறதா என்று விசாரிப்பது இயக்கத்தின் மரபு. அந்த வீட்டுத் தகப்பன் இரவில் உறங்குகிறாரா என்று விசாரிப்பதும் அந்த மரபின் பகுதியாக வேண்டும். உதவி கேட்பது கோழைத்தனம் அன்று. சட்டப்படி அது உரிமை. அந்த உரிமையை ஒவ்வொரு மாவட்டத்திலும் கேட்டுப் பெறும் போராட்டத்தை இடதுசாரி இயக்கம் தன் அன்றாடப் பணியாக ஏற்க வேண்டும்.