சுழல் என்ஜின்: வீழ்ந்த கம்பெனியும் நிமிர்ந்த கம்பெனியும்

புதுப் பொருள் ஒன்றைக் கண்டுபிடிப்பது பெரிய காரியம். குறை நீக்கி அதை விற்பது அதைவிடப் பெரிய காரியம்.

இதை மறந்த ஒரு கார் கம்பெனி, வேறொரு கம்பெனியுடன் இணைந்து மறைந்தது. மறக்காத கம்பெனி, உலகப் பந்தயத்தில் வென்றது. இரண்டும் நம்பியது ஒரே வகை என்ஜினைத்தான். அதுதான் சுழல் என்ஜின்!

உலக்கையும் திருகையும்

சாதாரணக் கார் என்ஜினில் பிஸ்டன் இருக்கிறது. அது உலக்கை போல மேலும் கீழும் போய் வருகிறது. அந்த ஓட்டத்தைச் சுழற்சியாக மாற்றித்தான் சக்கரத்துக்குக் கொடுக்க வேண்டும்.

சுழல் என்ஜினில் உலக்கை வேலை இல்லை, திருகை வேலைதான். மூன்று மூலை உள்ள ஓர் இரும்புக் கட்டி, நீள்வட்ட அறைக்குள் சுற்றுகிறது. பெட்ரோலும் காற்றும் உள்ளே வருவது, அமுங்குவது, எரிவது, புகை வெளியேறுவது ஆகிய நான்கும் அது சுற்றும்போதே நடந்து விடுகின்றன. பாகங்கள் குறைவு. எடை குறைவு. அதிர்வும் குறைவு.

இதைக் கண்டுபிடித்தவர் ஜெர்மனியைச் சேர்ந்த பெலிக்ஸ் வான்கெல். 1902-ல் பிறந்தவர். அவர் கல்லூரிக்குப் போய் என்ஜினீயரிங் படித்தவர் அல்ல. கார் ஓட்டும் லைசென்சும் அவரிடம் இல்லை! கண் பார்வை அவ்வளவு மோசம்.

ஜெர்மனியின் என்.எஸ்.யூ. கம்பெனியில் 1957 பிப்ரவரியில் அவருடைய என்ஜின் முதன்முதலாக ஓடியது. 1961-ல் ஜப்பானின் மாஸ்டா கம்பெனி, பணம் கொடுத்து அந்த உரிமையைப் பெற்றது.

பேயின் நகக்கீறல்

ஆனால், அந்த என்ஜினில் ஒரு பெரிய குறை இருந்தது.

சைக்கிள் பம்பில் வாஷர் தேய்ந்தால் என்ன ஆகும்? எவ்வளவு அடித்தாலும் காற்று ஏறாது. சுழல் என்ஜினின் மூன்று மூலைகளிலும் அப்படி ஒரு சீல் உண்டு. அது சுவரை உரசிக்கொண்டே ஓட வேண்டும். உரசி உரசிச் சீல் தேய்ந்தது. சுவரிலும் வரிவரியாகக் கோடு விழுந்தது. அந்தக் கோடுகளுக்கு ஜப்பான் என்ஜினீயர்கள் வைத்த பெயர், "பேயின் நகக்கீறல்!"

ஹிரோஷிமாவில் உள்ள மாஸ்டா தொழிற்சாலையில் கெனிச்சி யாமமோட்டோ தலைமையில் 47 என்ஜினீயர்கள் இந்தப் பேயை விரட்ட உட்கார்ந்தார்கள். பல பொருள்களில் சீல் செய்து பார்த்தார்கள். கடைசியில் கரியும் அலுமினியமும் கலந்த சீல் கைகொடுத்தது. அப்போதும் அவசரப்படவில்லை. ஏறத்தாழ 60 கார்களை விற்பனையாளர்களிடம் கொடுத்து ஓட்டிப் பார்க்கச் சொன்னார்கள். அதற்குப் பிறகே, 1967-ல், "காஸ்மோ ஸ்போர்ட்" கார் கடைக்கு வந்தது.

ஜெர்மனியில் நடந்தது

அதே 1967-ல் என்.எஸ்.யூ. கம்பெனி "ரோ 80" காரை வெளியிட்டது. அழகான கார். ஐரோப்பாவில் 1968-ம் ஆண்டின் சிறந்த கார் என்ற பட்டமும் கிடைத்தது. ஆனால், சீல் சீக்கிரமே தேய்ந்தது. என்ஜின் பழுதாகி ஆட்கள் திரும்பி வந்தார்கள். கம்பெனி தன் செலவில் புது என்ஜின் மாட்டிக் கொடுத்தது. சிலருக்குப் பல தடவை!

சாலையில் இரண்டு ரோ 80 கார்கள் எதிரெதிரே வந்தால், ஓட்டுபவர்கள் விரலை உயர்த்திக் காட்டுவார்களாம். எத்தனை என்ஜின் மாற்றியாயிற்று என்பதற்கு அது கணக்கு!

கம்பெனி தாங்குமா? 1969-ல் அது வோல்க்ஸ்வாகன் கம்பெனியின் பிடிக்குள் போனது. 1977-ல் ரோ 80 நின்றது. அதோடு என்.எஸ்.யூ. என்ற பெயரில் கார் வருவதும் நின்றது.

"துணிந்து இறங்காவிட்டால் புதுமை எப்படி வரும்?" என்று கேட்கலாம். துணிச்சல் வேண்டும்தான். ஆனால், சோதனையைத் தொழிற்சாலையில் நடத்த வேண்டும். பணம் கொடுத்து வாங்கியவர் தலையில் நடத்தக் கூடாது.

மாஸ்டாவுக்கும் அடி

மாஸ்டாவும் அடிபடாமல் தப்பவில்லை. சுழல் என்ஜின் பெட்ரோலை அதிகம் குடிக்கும். எரியும் இடம் நீண்டு மெலிந்து இருப்பதால் பெட்ரோல் முழுதும் எரிவதில்லை. 1973-ல் உலகமெங்கும் எண்ணெய் நெருக்கடி வந்தது. மாஸ்டா கார்கள் தேங்கின. கம்பெனி திண்டாடியது.

அப்போதும் அது குறையை மறைக்கவில்லை. பெட்ரோல் சிக்கனத்தை 40 சதவீதம் உயர்த்துவதென்று உழைத்தது; சாதித்தது. 1978-ல் ஆர்.எக்ஸ்.7 கார் வந்தது. 1991-ல் பிரான்சில் நடந்த லே மான் 24 மணி நேரப் பந்தயத்தில் மாஸ்டாவின் சுழல் என்ஜின் கார் முதலாவதாக வந்தது. அந்தப் பந்தயத்தில் வென்ற முதல் ஜப்பானியக் கார் அதுவே!

2012-ல் ஆர்.எக்ஸ்.8 காரோடு அந்த என்ஜின் ஓய்வு பெற்றது. 2023-ல் மீண்டும் வந்தது. இந்தத் தடவை சக்கரத்தைச் சுற்ற அல்ல. மின்சாரக் காருக்குள் மின்சாரம் தயாரிக்க! தனக்கு ஏற்ற வேலை அதற்குக் கிடைத்தது.

கண்டுபிடித்தவருக்குப் புகழ் உண்டு. குறையைத் தேடிப் பிடித்துத் திருத்தியவருக்குத்தான் வாங்கியவரின் நம்பிக்கை கிடைக்கும். கார் விற்பவருக்கு மட்டுமல்ல, எதை விற்பவருக்கும் இது பொருந்தும்.