அரிப்பு நின்றால் படர்தாமரை போய்விட்டதா?

கேள்வி: எனக்கு 36 வயது. இடுப்பிலும் தொடை இடுக்கிலும் வட்ட வட்டமாகப் படர்தாமரை. மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கிய க்ரீமைத் தடவினால் இரண்டே நாளில் அரிப்பு நின்றுவிடுகிறது. நிறுத்தினால் முன்பைவிட அதிகமாக வருகிறது. எட்டு மாதமாக இதே கதைதான். இப்போது என் ஆறு வயது மகளின் கன்னத்திலும் ஒரு வட்டம். அதே க்ரீமை அவளுக்கும் தடவலாமா?

பதில்: வேண்டாம். நீங்களும் அதை நிறுத்த வேண்டும். முதலில் ட்யூபை எடுத்துப் படித்துப் பாருங்கள். க்ளோபெட்டசால், பீட்டாமெத்தசோன், மொமெட்டசோன் என்று ஏதாவது இருந்தால் அது ஸ்டீராய்டு கலந்த க்ரீம்.

படர்தாமரை, பூஞ்சையால் வருவது. ஸ்டீராய்டு பூஞ்சையைக் கொல்லாது; அதை எதிர்க்கும் தோலின் சக்தியைத்தான் அடக்கும். அதனால் சிவப்பும் அரிப்பும் குறையும், பூஞ்சையோ உள்ளுக்குள் பரவும். நாளாக ஆக வட்டத்தின் வடிவமே மாறி, டாக்டரே கண்டுபிடிக்கத் திணற நேரும். தொடை இடுக்கில் தோல் மெலிந்து வரிவரியாகத் தழும்பு விழும்; அந்தத் தழும்பு முழுதாக மறையாது. இதனால்தான் 2018-ல் பல ஸ்டீராய்டு க்ரீம்களை மருந்துச்சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று மத்திய அரசு விதி கொண்டுவந்தது.

இருவரும் தோல் மருத்துவரைப் பாருங்கள். அந்த ட்யூபையும் கொண்டுபோய்க் காட்டுங்கள். மகளின் கன்னத்தில் இருப்பது படர்தாமரைதானா என்பதையும் அவர் உறுதி செய்வார். க்ரீமை நிறுத்தியதும் சில நாள் அரிப்பு கூடலாம். பயந்துபோய் மறுபடி அதையே தடவாதீர்கள்.

பூஞ்சைக்கான க்ரீமை வட்டத்தைத் தாண்டி சுமார் 2 சென்டிமீட்டர் வரை தடவ வேண்டும். தோல் சரியான பிறகும் குறைந்தது இரண்டு வாரம் தொடர வேண்டும். நிறைய இடத்தில் பரவியிருந்தால் மாத்திரையும் தேவைப்படும். அதை டாக்டர் சொன்ன அளவில், சொன்ன நாள்வரை மட்டும் சாப்பிடுங்கள். எலுமிச்சைச் சாறு, பூண்டு தேய்ப்பதெல்லாம் தோலைப் புண்ணாக்கிவிடும்.

வீட்டில் ஆளுக்கொரு துண்டு, ஆளுக்கொரு சோப்பு வையுங்கள். உள்ளாடைகளை வெந்நீரில் துவைத்து, வெயிலில் காயவைத்து, இஸ்திரி போட்டு உடுத்துங்கள். இறுக்கமான லெகிங்ஸைக் கொஞ்ச நாள் ஒதுக்கிவையுங்கள். கணவருக்கும் இருந்தால் மூவரும் ஒரே நேரத்தில் சிகிச்சை எடுங்கள். இல்லாவிட்டால் ஒருவரிடமிருந்து ஒருவருக்குத் திரும்பத் திரும்ப ஒட்டிக்கொள்ளும். உங்களுக்கு ஒருமுறை சர்க்கரையும் பார்த்துவிடுங்கள்.